காலி ஃபிளாஸ்க்

சட்டைக்கு ஒரு சட்டம் உண்டு:
வெட்டுப்பட்ட கை முதலில் உள்ளே போகும்,
கடைசியாக வெளியே வரும்.
மருத்துவமனை கொடுத்தனுப்பிய தாளில்
எனக்குப் பிடித்த வரி அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் 'கூடாது' என்றே முடிந்தது.

மொந்தேவிதேயோவில் ஜூலை.
மழை விட்ட பிறகும் நடைபாதையில்
பெயர்ந்த கல்லொன்று காத்திருக்கும்,
மிதித்தவர் காலில் சேறு துப்ப.
என் முறை வந்தபோது
அது துப்பவில்லை, கவிழ்ந்தது.
இடது தோளில் இப்போது மூன்று திருகாணி.
ஆறு வாரம் கைக்குத் தூளி.
தூளியில் கை தூங்குகிறது.
சாய்வு நாற்காலியில்
நான் விழித்திருக்கிறேன்.

பற்பசை மூடியைப் பல்லே திறந்தது.
ஈரத்துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றி
ஒரு கையால் பிழியலாம்.
உள்ளாடைக் கொக்கியை வயிற்றருகே மாட்டி
மெல்ல மெல்ல முதுகுக்கு நகர்த்தலாம்,
பத்து நிமிடம், மூன்று கெட்ட வார்த்தை.
தூளியே சட்டைப்பையும் ஆயிற்று:
சாவி, பேருந்து அட்டை,
ஒருநாள் ஓர் எலுமிச்சம்பழம்.

ஆனால் ஃபிளாஸ்க்?
இந்த ஊரில் இடது அக்குள்
வெந்நீர் ஃபிளாஸ்க்குக்கென்றே படைக்கப்பட்டது.
இடது உள்ளங்கை, மாத்தே குடுவைக்கு.
வலது கை உலகத்துக்கு:
பேருந்துக் கம்பி, ரொட்டி, கைகுலுக்கல், சண்டை.
நான் சமையலறையில் நின்றபடியே குடித்தேன்,
தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளைபோல.

வெங்காயம் உருண்டோடாமல் இருக்கப்
பலகையில் ஓர் ஆணி வேண்டும்.
குத்தி நிறுத்தினால் ஒரு கையால் நறுக்கலாம்.
ஆணியை அடிக்கத்தான்
இரண்டு கை வேண்டியிருந்தது.
முழங்காலுக்கிடையில் பலகை, தரையில் நான்,
இரவு பத்து மணிக்கு
டொக். டொக். ஆணி சாய்ந்தது. டொக்.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு வாஷிங்டன் ஒலிவேரா.
ஞாயிறுதோறும் முரசறைகிறான் என்று
குடியிருப்போர் சங்கத்துக்கு
நான் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.
மூன்று வருடமாகப் படிக்கட்டில்
முகம் திருப்பிக்கொள்கிறோம்.

"என்ன சத்தம், நிபியா அம்மா?"
எவ்வளவு நாள் வைத்திருந்தானோ அந்தக் கேள்வியை!
பிறகு தூளியைப் பார்த்தான்.
சுத்தியலை வாங்கி
இரண்டே அடி.
போகும்போது என் கழுத்தைப் பார்த்தான்,
வார் கடித்துச் சிவந்திருந்த இடத்தை.
ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கதவுக் கைப்பிடியில்
ஓர் ஆட்டுத்தோல் துண்டு தொங்கியது,
ரோமம் உள்பக்கம், இரண்டு பொத்தானோடு.
மூன்று மணிநேரம் முரசு சுமப்பவனுக்குத்தான் தெரியும்
வார் முதலில் எங்கே பல் பதிக்கும் என்று.
அன்றிரவு நான்கு மணிநேரம் தூங்கினேன்.

ஆறாம் வார முடிவில் அனாஈ தூளியை அவிழ்த்தாள்.
பிஸ்கட் தூள் உதிர்ந்தது,
எலுமிச்சையின் காய்ந்த காம்பும்.
உள்ளே இருந்த கை மெலிந்து, வெளுத்து,
என்னைவிட ஐந்து வயது மூத்ததாக இருந்தது.
"குனிந்து தொங்கவிடுங்கள்" என்றாள்,
"காற்றில் சின்னச் சின்ன வட்டம்."
ஒரு காபித் தட்டு அளவுகூட வரவில்லை.

பாரம் தூக்கக் கூடாது,
சரி, காலி ஃபிளாஸ்க் பாரமா?
அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கடலாக நடிக்கும் அந்த ஆற்றோரம் நடந்தேன்.
பெஞ்சிலிருந்த கிழவர் குடுவையை நீட்டினார்:
"கொஞ்சம் வெந்நீர்?"
"இது வெறும் பயிற்சி" என்றேன்.
கஞ்சத்தனத்துக்கு இப்படியும் பெயரா
என்பதுபோல் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அது.
பலேர்மோ பக்கம் முரசுகள் தொடங்கின.
கடிதம் எழுதும் கை வலது கைதான்,
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
எழுதவில்லை.
ஆனால் இப்போதும் சொல்கிறேன்,
சத்தம் அதிகம்.