முந்தைய பாகத்தில் நீங்கள்

இறங்கி முடிக்க இரண்டு இரவும்
ஒரு பகல்தூக்கமும் ஆயிற்று.
சுங்கை நிபோங், பதினோராம் மாடி.
மின்தூக்கி நாலு நாளாகப் பழுது.
படியேறி வந்த மூச்சு அடங்குமுன்
விண்கலத்துக்குள் நிற்கிறேன்.

பெயர் கேட்டது.
தமயந்தி என்று தமிழில் தட்டினேன்.
ஏழு வெற்றுக் கட்டங்கள் வந்தன.
எழுத்து ஐந்துதானே என்று எண்ணிப் பார்த்தால்
புள்ளிக்கு ஒரு கட்டம்,
தி-யின் தலைக்கொக்கிக்கு ஒரு கட்டம்.
இருக்கட்டும்.
கலத்தில் எல்லாரும் என்னை
கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மழை நன்றாகப் பெய்கிறது, இதை முதலில் சொல்லவேண்டும்.
போன பாகத்து மழை வெறும் கோடுகள்.
இது கையுறையில் விழுந்து உருண்டு
முழங்கையில் நின்று யோசித்துச் சொட்டுகிறது.
ஆனால் பை இருபது கிலோவுக்கு மேல் தாங்காதாம்.
முன்பு ஒரு பீரங்கியையே இடுப்பில் செருகிக்கொண்டு
மலையேறியவள் நான்.
கலத்தின் குரலையும் மாற்றிவிட்டார்கள்.
பழைய குரலில் ஒரு சலிப்பு இருந்தது,
விடிகாலையில் எங்கள் லைன் லீடர் ரொஸ்மா
கணக்கு ஒப்படைக்கும்போது பேசுவதுபோல.
புதியது வங்கியின் தொலைபேசியில்
காத்திருக்கச் சொல்லும் குரல்.
ஒவ்வொரு கதவும் திறப்பதற்குள்
ஒரு வாய் தே ஓ குடித்துவிடலாம்.

கிரகத்தில் இறங்குமுன்
வெள்ளை உடை, முகமூடி,
காற்றுக்குளியல் அறையில் கைதூக்கி
பன்னிரண்டு நொடி நிற்கச் சொன்னார்கள்.
சிரித்துவிட்டேன்.
பாயான் லெப்பாஸில் ஒரு ஷிப்டுக்கு நாலு முறை
இதே சாகசம்தான் செய்கிறேன்,
ஓவர்டைம் இருந்தால் ஐந்து.

பிறகு திரை கறுத்தது.
பழைய சேமிப்பு எதுவும் கிடைக்கவில்லை.
முந்தைய பாகத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?
நீங்களே சொல்லலாம்.

நீர்நிலையம் யாருக்குக் கொடுத்தாய்? கலகக்காரர்களுக்கு.
மருத்துவரின் கடிதத்தைப் பிரித்தாயா? பிரித்தேன்.
மெக்கானிக் ஓரன்
உயிரோடா, இல்லையா?

அவன் கால் இரும்புக்கடியில் சிக்கியிருந்தது.
தொண்ணூறு நொடி இருந்தது.
கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது,
ஆறு இருபது.
கதவை மூடும் பொத்தானை அமுக்கிவிட்டு
செருப்பைத் தேடினேன்.
வார இறுதியில் திரும்ப ஆடி
அவனை எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.
நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சம்பளம் பாதியானது.
கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும்
பெட்டியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டுபோய்
பிராங்கின் மாலில் விற்றேன்,
இருநூற்று எண்பது வெள்ளி.
வாடகைக்கு இன்னும் எழுபது குறைந்தது.
பெட்டிக்குள் ஒரு கதவு,
கதவுக்கு அந்தப் பக்கம் அவன்.
வாங்கியவன் அன்றே துடைத்திருப்பான்.

உயிரோடு, என்றேன்.
சாட்சி கேட்கவில்லை.
பச்சையாய் ஒரு வட்டம் சுழன்றது.

இரண்டாம் மணிநேரத்தில் வந்தான்.
நிலவறைப் படியில், எண்ணெய்க் கையோடு,
இடது கால் முழங்காலுக்குக் கீழே உலோகம்.
இவ்வளவு அழகாக அந்தக் காலை
யாரோ ஒருத்தி மாதக்கணக்கில் வரைந்திருக்கிறாள்,
உயிரோடு என்று சொல்கிறவர்களுக்காக மட்டும்.
கேப்டன், என்றான்.
அன்றைக்கு நீங்கள் என் கையை விடவே இல்லை.

பதில்கள் மூன்று இருந்தன.
கடமையைத்தான் செய்தேன்.
நீயும் செய்திருப்பாய்.
எனக்கு ஒரு பானம் கடன்பட்டிருக்கிறாய்.
அது நானில்லை என்று நான்காவது இல்லை.
மேலே நேரக்கோடு குறைந்துகொண்டே வந்தது.
சொல்லட்டும் என்று
அவன் முகத்தில் விழுந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோடு தீர்ந்தது.
மூலையில் சின்ன எழுத்தில்:
உங்கள் மௌனத்தை ஓரன் நினைவில் வைத்துக்கொள்வான்.

லோகேஸ்வரி அறையிலிருந்து எழுந்து வந்தாள்,
ஒரு கண் மட்டும் திறந்து.
ரெண்டாம் பாகம் எப்படிடீ?

மழை நல்லா இருக்கு, என்றேன்.