ஏழு புரி

ஏப்ரல். ஹாப்சலு விரிகுடாவில்
பனிக்கட்டி உடைந்து பதினொரு நாள்.
நாணலடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம்,
துலக்காத பல்லின் காரைபோல.

நீதிமன்றத் தாள்படி
கோடையின் முன்பாதியில் படகு தார்மோவுக்கு,
பின்பாதியில் எனக்கு.
ஜூலை பதினைந்தில் சாவி கைமாறும்.
ஏப்ரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஆனால் சுக்கானைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும்:
ஒருவர் மேலே, சக்கரத்தில்.
ஒருவர் கீழே, பின்தளத்துக்கு அடியில்,
சவப்பெட்டியைவிடச் சற்றே அகலமான பொந்தில்.
தார்மோவின் தோள் அந்த வாசலில் நுழையாது.
நான் இறங்கினேன்.

நெற்றியில் விளக்கு. கையில்
என் கிளினிக்கிலிருந்து எடுத்துவந்த வாய்க்கண்ணாடி;
கப்பியின் முதுகையும் அதில் பார்க்கலாம்.
இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தவளுக்கு
இது புது இருட்டு இல்லை.

"இடம்" என்றேன்.
மேலே பற்சக்கரம் சங்கிலியைக் கடித்தது.
கம்பிவடம் காதோரம் நகர, சுக்கான் தண்டு
ஒரு முனகலோடு திரும்பியது.
"வலம்."
எல்லாம் மறுபடி, எதிர்த்திசையில்.
"நிறுத்து."
நிறுத்தினான்.
பதினாறு வருட மணவாழ்வில்
இவ்வளவு சுருக்கமாக நாங்கள் பேசியதில்லை.
இவ்வளவு சரியாகவும்.

வடத்தின்மேல் மெல்லிய காகிதத்தை ஓட்டினேன்.
விரலை ஓட்டினால் ரத்தம் வரும்.
ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை.
இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.
வலப்பக்கம், கப்பி வளைவில்,
கிழிந்த காகிதத்தின் ஒரு நுனி
வெள்ளையாக நின்றுவிட்டது.

"ஓர் இழைதானே," என்றான் மேலிருந்து.
"நூற்று முப்பத்துமூன்றில் ஒன்று. இந்தக் கோடை தாங்கும்."
பல்வலியோடு வருகிற எல்லாரும்
இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள்.
"எந்தக் கோடை? உன் பாதியா, என் பாதியா?"

பூட்ஸ் ஒருமுறை அசைந்தது.
பிறகு இறங்குமேடையில் நடை. கார்க் கதவு.
போய்விட்டான் என்றே நினைத்தேன்.
தோளில் பன்னிரண்டு மீட்டர் புதுக்கம்பியோடு திரும்பி வந்தான்.
விலைச்சீட்டில் மார்ச் மாதத் தேதி.

ஒன்று நைந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.
யாரும் யாருக்கும் அதைச் சொல்லவில்லை.

கடைசியில் இறுக்கம்.
தளர்ந்தால் வடம் கப்பியிலிருந்து குதிக்கும்,
அதுவும் நல்ல அலையாகப் பார்த்து.
அதிகம் இறுகினால் சக்கரம் கனத்து,
தண்ணீர் சொல்வது கைக்கு வந்து சேராது.
மரையைக் கால் சுற்று.
இன்னும் அரைக்கால்.
பின்னூசியை மடக்கி, கப்பிக்கு எண்ணெய் சொட்டினேன்.

மேலே ஏறிப் பார்த்தால்,
சுக்கான் நேராக இருக்கையில் உச்சியில் நிற்க வேண்டிய
கயிற்றுமுடிச்சு
பதினொரு மணியில் நின்றது.
இருட்டிவிட்டது. விரல் மரத்துவிட்டது.
"விடு," என்றேன். "படகு நேராகப் போனால் போதும்."
ஃபிளாஸ்க்கில் இருந்த காப்பியில் பாதி அவனுக்கு.
இரண்டு கார்கள், இரண்டு திசை.

ஜூலை பதினைந்து. சாவி தபால்பெட்டியில் கிடந்தது.
ஏறினேன். முடிச்சு பன்னிரண்டில்.
அவிழ்த்து வேறு ஆரத்தில் கட்டியிருப்பான், சோம்பேறி.
இல்லை, முடிச்சின் மேல் பழைய வார்னிஷ்
விரிசல் விடாமல் அப்படியே இருந்தது.

கீழே விளக்கடித்தேன்.
ஒரு பக்க மரை தளர்ந்து, மறுபக்க மரை இறுகி,
அளவு பிசகாமல்.
பின்னூசிகளை நான் மடக்குவதைவிட
அழகாக மடக்கியிருந்தது.

தார்மோவின் தோள்
அந்த வாசலில் நுழையாது.

சிறிது நேரம் அங்கேயே கிடந்தேன்.
வாய்க்கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டேன்.
வோர்ம்ஸி தீவுக்கு நல்ல காற்று.
கட்டை அவிழ்த்தேன்.
சக்கரம்
ஒரு விரலுக்கே திரும்பியது.