சாய்கோடு

ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் காற்று படுக்கும்.
பகலில் வெயில் எல்லாவற்றையும் மேலே தூக்கிக் கலக்கிவிடும்,
கசிவு எது வானம் எது என்று பிரிக்க முடியாது.
அதனால் கப்பலூர் சுங்கச்சாவடியில் டீ குடித்துவிட்டு
வண்டியின் தலைமேல் உறிஞ்சுகுழாயை நிமிர்த்துகிறோம்,
நானும் சோணைமுத்துவும்.
கருவி தொண்டையைக் கனைக்கிறது. திரையில் எண்.

பத்து லட்சத்தில் இரண்டு.
அது எல்லோர் பேரிலும் பொதுவாக எழுதப்பட்ட பாக்கி.
நாங்கள் தேடுவது
அதற்குமேல் எழும்பும் நகக்கண் அளவு.

சிலிண்டர் வாசம் எல்லோருக்கும் தெரியும்.
அது பயந்துகொள்ளட்டும் என்று பிறகு கலப்பது.
பெரிய குழாயில் போகிற வாயுவுக்கு
வாசமும் கிடையாது நிறமும் கிடையாது,
மார்பளவு ஆழத்தில், மஞ்சள் குறிக்கல் விட்டு மஞ்சள் குறிக்கல்,
வயல்களுக்கடியில் அதுபாட்டுக்குப் போகிறது.

பன்னியான் தாண்டியதும் எண் துள்ளியது.
இரண்டேகால். இரண்டரை. மூன்று.
பிரேக்.
முகப்பு வெளிச்சத்தில் நூறு நூறாகப் பச்சைக் கண்கள்.
அறுத்த வயலில் கிடை போட்டிருக்கிறார்கள்,
ஆடுகள் அசைபோட்டு ஏப்பம் விடுகின்றன.
ஈத்தேன் பத்தியைப் பார்த்தேன்: தட்டை.
ஈத்தேன் கூட வந்தால் குழாய்,
தனியே வந்தால் ஆடு, சாக்கடை, நெல்வயல்.
சோணைமுத்து போய்க் கீதாரியை எழுப்பிக் கேட்டுவந்தார்.
"முந்நூத்திப் பதினேழு உருப்படியாம் மேடம்.
எதுக்குக் கேக்குறீக, வரி போடப்போறீகளாங்குறான்."
நோட்டில் எழுதினேன்: 317. மேல்காற்று. குழாய் அல்ல.

ஐந்து வருட நோட்டுகளைச் சேர்த்தால் ஒரு கோடு,
இடமிருந்து வலமாக இறங்குகிறது.
தலைமை அலுவலகத்தில் வைகுந்தராஜன் சார்
அதற்குப் பச்சை அடித்துவிட்டார்.
பச்சை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்றாம் வருடம் கருவி மாறியது.
பழையதை நான் திருப்பி அனுப்பவில்லை,
கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தது.
போன வாரம் இரண்டையும் ஒரே குழாயில் மூச்சுவிட வைத்தேன்.
பழையது 2.31 என்றபோது
புதியது 2.19 என்றது.
ஒரே காற்று, ஒரே நொடி.
அந்த இறக்கத்தில் பாதி, கருவி இறங்கியது.

நான்காம் வருடம் செக்கானூரணியில் சாலை தோண்டிக் கிடந்தது.
வால்வு நிலையத்தைச் சுற்றாமல் நேரே போய்விட்டோம்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.
பூஜ்ஜியம் இருக்கிறது,
பக்கத்தில் ஜெ. அமலோற்பவம் என்று
என் கையெழுத்தும்.

இதில் காற்று அங்கிட்டிருந்து அடித்த நாள்களில்
வெள்ளைக்கல் குப்பைமேடு முழுக்க
எங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

"கூடுதா குறையுதா? ஒரு வார்த்தை சொல்லுங்க."
கோட்டைச் சுற்றி ஒரு பட்டை வரைந்து அனுப்பினேன்,
எனக்குத் தெரியாததன் அகலத்துக்கு.
இறங்குகிற கோடும் அதற்குள் படுக்கும்,
ஏறுகிற கோடும் படுக்கும்.
"இன்னும் மூணு வருஷம் சார். அதே வண்டி, அதே உயரம், அதே மாசி."
போனில் கொஞ்சநேரம் ஏசி ஓடும் சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.

வால்வு நிலையம். கம்பிவேலி. ஒரு பல்பு, அதைச் சுற்றிப் பூச்சி.
ஈத்தேன் எழுந்தது. பக்கத்தில் ஆடு இல்லை.
தண்ணீர் பாட்டிலில் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றிக்
குலுக்கி, இணைப்பில் பிரஷ்ஷால் தடவினேன்.
எட்டாவது போல்ட்டுக்கடியில் ஒரு குமிழி
பிறந்து வீங்கி, டார்ச்சுக்குக் கொஞ்சம் நீலம் காட்டி
உடைந்தது.
அடுத்தது.
கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்குப் பதினெட்டு.
போன வருட நோட்டில்: ஒன்பது.

திக்கென்றது.
"போன வருஷம் யாரு எண்ணினது?"
"நாந்தான் மேடம். பெருசா வந்தத மட்டும் எண்ணினேன்.
சின்னதும் சேத்தியா?"

எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்கிறது.
நுரையைத் துணியால் வழித்துவிட்டு
மறுபடி தடவுகிறேன்.
டார்ச்சை அவர் பிடிக்கிறார்.
முதலில் பெரியதை மட்டும்.