இனம் தெரியாதவை

பத்துமிக்கு வடக்கே, கருங்கடலுக்கும் மலைக்கும் இடையில்
வானம் ஒரு சந்து அளவுக்குக் குறுகிவிடுகிறது.
செப்டம்பரில் வேட்டைப் பறவைகள் எல்லாம்
அதில் நுழைந்துதான் தெற்கே போகவேண்டும்.

பலகை மேடையில் நானும் சியூரியும்.
ஆளுக்கு இரண்டு எண்ணும் கருவி:
இடது கட்டைவிரல் தேன்பருந்துக்கு, வலது வைரிக்கு.
ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நிறம் என்று ஒன்றில்லை.
அலகில்லை, நகமில்லை,
மேகத்தின் அடிவயிற்றில் ஒரு காற்புள்ளி, அவ்வளவே.
வைரி இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும்.
தேன்பருந்து தட்டையாக வரும்,
புறாவிடம் இரவல் வாங்கிய தலையை முன்னால் நீட்டி.
கள்ளப்பருந்துக்கு வால் சும்மா இருக்காது,
சைக்கிள் பழகுகிறவன் கைப்பிடியை ஒடிப்பதுபோல்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
புள்ளிக்கழுகு
நனைந்த கோட்டைக் கழற்ற மறந்தவர்போல்
இறக்கை நுனியைத் தொங்கவிட்டு.

கீழே சோளக்கொல்லையில் நுக்ஸார், தோளில் துப்பாக்கி.
தொலைநோக்கி இல்லை. நிமிர்ந்து ஒரு பார்வை:
"வைரி. வேகவே வேகாது."
"அது தேன்பருந்து. இந்த மாதம் கொழுப்பு ஏறியிருக்கும்."
பத்தில் எட்டு சரியாகச் சொல்கிறார்.
மின்சாரம் இல்லாத குளிர்காலங்களில் படித்த படிப்பு.
எங்கள் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது.

இரண்டு நாள் அடைமழை.
காட்டுக்குள் எல்லாம் ஒடுங்கிக் கிடந்தன.
மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வெயில்,
முதலில் எழுந்தது ஒற்றைப் பறவை. பெரிது.
சிறு புள்ளிக்கழுகு என்றாள் சியூரி.
பெரும் புள்ளிக்கழுகு என்றேன் நான்.
அது வட்டமிட்டது; திரும்பும்போது
இடது இறக்கையில் ஒரு துண்டு வானம் தெரிந்தது,
பல் விழுந்த இடம் மாதிரி.

நுக்ஸார் வெகுநேரம் பார்த்தார்.
நெற்றிமேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை.
"அந்த ஓட்டை என்னுடையது.
மழைக்கு முந்தின சாயங்காலம்."

சியூரியின் முகம் இறுகியது.
ஆனாலும் கேட்டாள், வேலை வேலைதானே:
"அப்படியானால் கிட்டத்தில் பார்த்திருப்பீர்கள். எது அது?"

"விழவில்லையே," என்றார்.
"எனக்கு எப்படித் தெரியும்?"

பதிவேட்டின் கடைசிப் பத்தியில் எழுதினேன்:
பெரிய கழுகு, இனம் தெரியவில்லை, ஒன்று.
குறிப்பு: இடது இறக்கையில் சிறகுகள் இல்லை.
எத்தனை என்று கேட்க நிமிர்ந்தேன்.
அதற்குள் மலைமுகட்டிலிருந்து
கள்ளப்பருந்துகள் கொட்டத் தொடங்கிவிட்டன,
சியூரி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்,
நானூறு, நானூற்றுப் பத்து,
கொல்லையில் நுக்ஸார் துப்பாக்கியைச் சோளத்தில் சாய்த்துவிட்டு
இன்னும் தெற்கேயே பார்த்துக்கொண்டு.