கவிழ்த்துப் பதித்த தரை

மிஸஸ் ப்ராஸர் வீட்டுச் சமையலறையில்
திங்கட்கிழமை இரவிலிருந்து கசிவு.
ஹெரிஃபோர்டிலிருந்து நாற்பது நிமிடம்,
வழியெல்லாம் ஆப்பிள் தோப்பும் மழையும்.
நான் குழாய்க்காரன். எனக்குத் தெரிந்தது
தண்ணீர் எங்கே போக ஆசைப்படும் என்பது மட்டும்.

தரை முழுக்கச் சுட்ட மண் சதுரங்கள்,
சொரசொரவென்று.
நாற்காலியை எங்கே போட்டாலும் ஒரு கால் ஆடும்.
"வாங்கும்போதே இப்படித்தான்," என்றாள்,
"மாற்றணும் மாற்றணும் என்றே இருபத்திரண்டு வருஷம்."
உளியை இடுக்கில் விட்டு நெம்பினேன்.
ஒன்று வந்தது. ஓரமாக வைத்தேன்.
இரண்டாவது கைநழுவி
முகம் காட்டி விழுந்தது.

சிங்கம்.
சிங்கம் என்றுதான் நினைக்கிறேன்.
நாய்க்குட்டிச் சிரிப்பு அதற்கு;
வாலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதுகின் மேல் சுருட்டி வைத்திருந்தது.
தேன் நிற மெருகு, நேற்றுத் துடைத்தது போல.

மூன்றாவதில் எழுத்து, ஆழமாக அமுங்கி.
"ஏவா," என்று படித்தாள் மிஸஸ் ப்ராஸர்.
முதல் எழுத்து மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி நின்றது.
"இந்த வீட்டில் ஏவா என்று யாரும் இருந்ததில்லையே."
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
வாளியில் சொட்டுச் சத்தம்.
இருவரும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பையன்,
டன்ஸ்டன் என்று பெயர், காலணிக்கு மேல் நீல உறை.
"ஏவா இல்லை, ஆவே. லத்தீன்.
மரியன்னைக்குச் சொல்லும் வாழ்த்து.
அச்சுக்கட்டை செதுக்கியவனுக்கு எழுத்து தெரியாது போல,
நேராகச் செதுக்கிவிட்டான்;
ஈர மண்ணில் குத்தியதும் திரும்பிக்கொண்டது."
எனக்கு அவனைப் பிடித்துப்போனது, செதுக்கியவனை.
போன மாதம்தான்
சுடுநீர்க் குழாயைக் குளிர்நீரில் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

மடாலயத்தை அரசன் இடித்த காலத்தில்
யாரோ வண்டியில் அள்ளி வந்து
கவிழ்த்துப் பதித்திருக்கிறார்கள் என்றான்.
பயமாக இருக்கலாம். இல்லை, மாதாவை
மிதிக்க மனசில்லாமல் இருக்கலாம்.
வழுக்கும் என்பதுதான் என் கட்சி.
மெருகு நனைந்தால் கால் நிற்காது.

அவன் காருக்குப் போனான், பொதிய ஏதோ எடுக்க.
அவள் யாருக்கோ போன் பேசப் போனாள்.
வால்வைத் தேடிக் குழிக்குள் டார்ச் அடித்தேன்.
மூன்றாவது சதுரம் இருந்த இடத்தில்
களிமண் அதன் முகத்தை வாங்கி வைத்திருந்தது.
புடைத்து,
நேராக,
இடமிருந்து வலமாக:
ஆவே.

அந்தத் தரையில் அது சரியாக இருந்த ஒரே இடம்,
நானூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக,
யாரும் நின்று படிக்க முடியாத பக்கம்.

கூப்பிட வாயெடுத்தேன்.
குழாய் முந்திக்கொண்டது. ஒரு சொட்டு, இன்னொன்று.
'வே' முதலில் சரிந்தது.
'ஆ' கொஞ்ச நேரம் இருந்தது,
சேற்றில் திறந்த ஒரு வாயாக.

டன்ஸ்டனிடம் சொல்லவில்லை.
சொன்னால் காட்டச் சொல்வான்.
இணைப்பை மாற்றி, குழியைத் துடைத்துக் கிளம்பினேன்.
பில்லில் எழுதியது:
செப்பு இணைப்பு ஒன்று, வாஷர் இரண்டு,
வேலை இரண்டரை மணி நேரம்.

அரை மணி எதற்கு என்று
அவள் கேட்கவில்லை.