சுவரை மூடுமுன்

பெர்கனில் மழைக்கு நாள் கணக்கு கிடையாது,
இடைவெளிக் கணக்குதான்.
செவ்வாய் மதியம் நாற்பது நிமிடம் நின்றது.
அதற்குள் ஐவார்ஸ் கூரையேறி
மூன்று ஓடு பதித்து இறங்கிவிட்டான்.

என் பையில் சுத்தியலுக்குப் பக்கத்தில்
ஈரமானி.
இரண்டு ஊசிப் பல், சின்னத் திரை.
மரத்தைக் கடித்துப் பார்த்து எண் சொல்லும்.
பதினேழுக்குக் கீழே வந்தால்
உள்பலகை அடித்துச் சுவரை மூடலாம்.
வராவிட்டால் விசிறி, வெப்பக்காற்று,
ஈரமுறிஞ்சியின் வாளியைத்
தினம் இருமுறை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் வேலை.

வீட்டுக்காரி இங்வில் கேட்டாள்:
"கூரைதான் போட்டாயிற்றே,
வெளியே பெய்வது வெளியேதானே?"

நியாயமான கேள்வி.
ஆனால் வீடு பிறக்கும்போதே நனைந்து பிறக்கிறது.
தளத்துக் கான்கிரீட்டில் கலந்த நீர்,
லாரியில் வந்த அன்றே உறை கிழிந்து நனைந்த கட்டைகள்,
நாங்கள் சிந்திய காபி, எங்கள் மூச்சு,
எல்லாம் இங்கேதான் இருக்கிறது
காலி செய்ய மனமில்லாமல்.

அவளுக்கு அக்டோபருக்குள் குடியேற வேண்டும்.
வாடகை வீட்டில் பெட்டி கட்டியாயிற்று.
புருஷன் தூரே மாலையில் வேலை முடிந்து வருவான்.
தலைக்கவசத்தோடு
சமையலறை ஆகப்போகும் இடத்தில் நின்று
இல்லாத குழாயைத் திறந்து
இல்லாத பாத்திரத்தைக் கழுவுவான்.
எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்க மாட்டேன்.

பதினாறு. பதினாறரை. பதினைந்து.
வடக்குச் சுவர் முழுக்க நல்ல பிள்ளை.
மேற்கு மூலை, சன்னலுக்குக் கீழே இடப்பக்கக் கட்டை:
இருபத்தெட்டு.

மறுநாளும் இருபத்தெட்டு.
விசிறியை அதன் முகத்துக்கே திருப்பி வைத்தேன்.
மூன்றாம் நாள் முப்பத்தொன்று.

காய்கிற மரத்தில் எண் ஏறாது.
இது எங்கிருந்தோ குடித்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் நுழைந்த இடத்தில் முகம் காட்டாது.
சன்னலில் தெரிகிறதே என்று சன்னலையே சந்தேகித்து
இரண்டு நாள் விளிம்பு நாடாவை உரித்து ஒட்டினோம்.
பிறகு ஐவார்ஸ் ஏணியில் நின்று
ஹோஸ் பிடித்தான்,
ஏற்கெனவே பெய்துகொண்டிருந்த மழையில்.
கீழிருந்து மேலாக ஒரு முழம்,
பத்து நிமிடம்,
இன்னொரு முழம்.
உள்ளே நான் டார்ச்சோடு முழங்காலில்.

"தோர்டிஸ், வருதா?"
"இல்ல."
"இப்போ?"
"இல்ல."

கூரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஹோஸ் போனபோது
கட்டையின் பின்னால்
ஒரு துளி
யோசித்து
இறங்கியது.

வெளிப்பலகையைக் கழற்றினோம்.
காற்றுத்தடுப்புத் தாளில்
பென்சில் முனை அளவு ஓட்டை.
பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.
ஜூனில் பதினொரு நாள் வெயில் அடித்தது.
கையில்லாச் சட்டையோடு வேலை செய்தோம்.
அங்கேதான் ஒரு திருகாணி முடுக்கி
என் ரேடியோவைத் தொங்கவிட்டிருந்தேன்.
கடைசி நாள் ரேடியோவை எடுத்தேன், திருகாணியை எடுத்தேன்,
நாடா ஒட்ட மறந்தேன்.

ஐவார்ஸ் ஓட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஹோஸைச் சுருட்டப் போய்விட்டான்.
யார் செய்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.
மரத்தூள் விற்கிறவன்கூட
"தாள் சரியில்லை" என்றால் நம்பிவிடுவான்.

சாயங்காலம் இங்வில் வந்தாள்.
திறந்து கிடக்கும் சுவரைப் பார்த்தாள்.
"நான்தான்" என்றேன். ரேடியோவைச் சொன்னேன்.
நவம்பர் ஆகும் என்றும் சொன்னேன்.

அவள் வெகுநேரம் பேசவில்லை.
கறுத்த கட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.
"ரேடியோவில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?"

"வானிலை அறிக்கை."

சிரித்தாளா, மூக்கைச் சிந்தினாளா,
இருட்டில் தெரியவில்லை.

கட்டையை அறுத்தெடுத்துப் புதிது வைத்தோம்.
ஓட்டைக்கு நாடா, நாடாவுக்கு மேல் இன்னொரு நாடா,
படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.
இருபத்தொன்று. பத்தொன்பது.
பத்தொன்பதிலேயே ஒரு வாரம் பிடிவாதம்.
நவம்பர் ஒன்பதாம் தேதி காலை
பதினாறு.

இரண்டு முறை கடித்துப் பார்த்தேன்.
பிறகுதான் முதல் பலகையைத் தூக்கினேன்.

ஈரமுறிஞ்சியின் வாளியில் அன்று
ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.
ஐவார்ஸ் அதையும் விடாமல்
வெளியே கொண்டுபோய்
மழையில் ஊற்றினான்.