ஜீரோ பாத்துக்கோங்க

ஒரு ராத்திரிக்கு முந்நூறு தடவை சொல்கிறேன்.
ஜீரோ பாத்துக்கோங்க சார்.
யாரும் பார்ப்பதில்லை.
சிலர் மீட்டரை விட்டுவிட்டு
என் சட்டைப்பை மேல் குத்திய பெயரைப் படிக்கிறார்கள்:
ர. தமயந்தி.

ஆலந்தூர் பங்க், மூன்றாம் நம்பர் பம்ப்.
தலைக்கு மேல் மெட்ரோ பாலம்,
அதற்கும் மேல் மீனம்பாக்கத்துக்குத் தாழும் விமானம்.
கீழே நான், இரண்டு நாசில்களோடு:
சாதா தொண்ணூற்றொன்று,
ஸ்பெஷல் தொண்ணூற்றைந்து.

புது மாப்பிள்ளைகள் ஸ்பெஷல் கேட்பார்கள்.
பவர் ஏறுமாம்.
பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னது வேறு.
அந்த எண் வீரியம் இல்லை.
பிஸ்டன் ஏறிவந்து நெரிக்கும்போது
பொறி விழும்வரை
தானாகப் பற்றிக்கொள்ளாத பொறுமை.
அதிகம் நெரிக்காத வண்டிக்கு
அத்தனை பொறுமை எதற்கு?
பத்து வருஷத்து ஆல்டோவுக்கு ஊற்றிக்கொண்டு
இப்ப எப்படிப் பறக்குது பாரும்மா என்பவரிடம்
நான் வாதாடுவதில்லை.
பில்லைக் கிழித்துக் கொடுக்கிறேன்.

அப்புறம் குப்பிக்காரர்கள்.
ஜி.பி. ரோட்டில் வாங்கிய விரல் நீளக் குப்பியை
டேங்க்கில் கவிழ்த்துவிட்டு
அதன் மேல் ஐந்நூறுக்குப் போடச் சொல்வார்கள்.
ஒருவருக்கு அது வேலை செய்தது, நன்றாகவே.
எட்டு வருஷ அழுக்கு மொத்தமும் கழன்று
ஃபில்டரில் போய் அடைத்து
கத்திப்பாரா உச்சியில் நின்றுவிட்டது வண்டி.
மறுநாள் வந்து என்னைத் திட்டினார்.
அழுக்கோடயே ஓடிக்கிட்டிருந்துச்சேம்மா!

ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் இப்போது.
கரும்பு வழி வந்த சாராயம்தான்,
ஆனால் இது தண்ணீருக்கு ஏங்கும் ஜாதி,
காற்றில் இருப்பதைக்கூட விடாது.
வேளச்சேரி வெள்ளத்தில் நாலு நாள் நின்ற வண்டிகளில்
தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு
பெட்ரோலை மேலே தனியாக விட்டுவிட்டு
டேங்க்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
மைலேஜ் குறையுதே என்கிறார்கள்.
குறையும்தான்.

நேற்று ராத்திரி ஒன்றேகாலுக்கு ஒரு கால் டாக்ஸி.
வளைவில் திரும்பும்போதே காதில் விழுந்தது,
உண்டியலில் சில்லறை குலுக்குகிற சத்தம்.
இறங்கினார், கண்ணெல்லாம் சிவப்பு.
முந்தாநாள் இங்கதான் போட்டேன்,
மண்ணெண்ணெய ஊத்திக் காசு பாக்கறீங்களா?
பிறகு பெட்ரோலுக்குச் சம்பந்தமில்லாத
இரண்டு வார்த்தைகள், என் அம்மாவைப் பற்றி.

பம்ப் அருகில் நான் தொண்ணூற்றைந்து.
வீட்டில் எழுபதுதான், என் மகளைக் கேட்டால் தெரியும்.

ஃபில்டர் பேப்பர் எடுத்துவந்தேன்.
கேட்டால் கொடுக்க வேண்டும். அவர் கேட்கவில்லை.
நாசில் முனையைத் துடைத்து
ஒரே ஒரு சொட்டு.
கறை தங்கினால் கலப்படம்.
இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும் என்றேன்.

டியூப் லைட்டுக்குக் கீழே
இரண்டு பேரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஒரு விமானம் இறங்கியது.
திருப்போரூர்லேந்து சவாரி, என்றார் தாளிடம்.
எறங்கினவன் காசு குடுக்காம ஓடிட்டான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, தாளும்.
ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கி
ஒரு ரூபாய் அளவானது,
பொட்டு அளவானது,
இல்லை.

அப்ப இன்ஜின்தானா?
கரி பிடிச்சிருக்கும், ஹெட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.
அதுக்கு எவ்ளோ ஆகும்?
எனக்குத் தெரியாது.
தெரியும். சொல்லவில்லை.

முந்நூறுக்குப் போடச் சொன்னார். சாதா.
ஜீரோ பாத்துக்கோங்க.
குனிந்து, கண்ணைச் சுருக்கி,
மூன்று சைபரையும் பார்த்தார்.

கிளம்பி, பாலம் ஏறி,
விளக்குகளுக்குள் கரைந்த பிறகும்
கேட்டுக்கொண்டே இருந்தது
அந்தச் சில்லறை.